கையோடு வரும் மேசை விளக்கு

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

விளக்குகளில் இரண்டு வகை உண்டு. இருந்த இடத்தில் நின்று ஒளி தருவது ஒரு வகை. நாம் போகும் இடத்திற்கெல்லாம் கூடவே வருவது மற்றொரு வகை. வீட்டில் நிற்கும் குத்துவிளக்கும், கோவில் பீடத்தின் அருகே அணையாமல் எரியும் நற்கருணை விளக்கும் முதல் வகையைச் சேர்ந்தவை. மாடத்திலிருந்து எடுத்துத் தொழுவத்திற்குக் கொண்டுபோன அகல், இரவில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் கையில் தொங்கிய அரிக்கேன் விளக்கு, திருவிழாக் கடைகளில் இரைந்துகொண்டே எரிந்த பெட்ரோமாக்ஸ் ஆகியவை இரண்டாம் வகை.

மின்சாரம் வந்த பிறகு இந்த இரண்டாம் வகை விளக்குகள் மெல்ல மெல்ல மறைந்தன. காரணம் எளிதானது. மின்சாரம் கம்பி வழியே வருகின்றது. கம்பி எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் விளக்கும் வரும்.

இன்றோ கம்பியில்லாத மேசை விளக்குகள் கடைகளுக்கு வந்துவிட்டன. ஒரு சாண் அல்லது ஒன்றரைச் சாண் உயரம், கனமான அடிப்பாகம், மெல்லிய தண்டு, தலையில் தொப்பி போன்ற ஒரு குடை. தொட்டால் எரிகின்றது, மீண்டும் தொட்டால் மங்குகின்றது. பகலில் மின்னேற்றம் செய்துவிட்டால் இரவெல்லாம் எங்கு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். பெரிய ஓட்டல்களின் மேசைகளில் வரிசையாக நிற்கும் இவற்றை, இப்பொழுது வீடுகளுக்கும் வாங்குகின்றார்கள். பெயர்பெற்ற வடிவமைப்பாளர் செய்ததென்றால் விலையும் பன்மடங்கு ஏறுகின்றது. இவ்விளக்கு எப்படி வேலை செய்கின்றது? இதில் நல்லது எது, பகட்டு எது என்று எப்படிக் கண்டுகொள்வது? இவற்றையே இக்கட்டுரையில் காண்போம்.

கைவிளக்கு ஏந்திய காரிகை

கையில் எடுத்துச் செல்லும் விளக்கு என்றவுடன் நம் நினைவுக்கு வருபவர் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854-ஆம் ஆண்டு கிரிமியப் போரின்போது, துருக்கியிலுள்ள ஸ்குட்டாரி மருத்துவமனைக்கு அவர் 38 செவிலியரோடு சென்றார். அவர்களுள் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர் என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. இரவு நேரங்களில் காயமுற்ற வீரர்களின் படுக்கைகளினூடே அவர் விளக்குடன் நடந்ததால்தான் 'கைவிளக்கு ஏந்திய காரிகை' என்ற பெயர் அவருக்கு நிலைத்தது.

படங்களில் அவர் கையில் மூக்குள்ள எண்ணெய் விளக்கு ஒன்றை வரைந்திருப்பார்கள். உண்மையில் அவர் கொண்டு சென்றது அதுவன்று. 'ஃபானூஸ்' என்னும் துருக்கிய மடிப்பு விளக்கு. உள்ளே ஒரு மெழுகுதிரி. அதைச் சுற்றி, விரித்தால் நீண்டும் மடித்தால் சுருங்கியும் போகும் கூடு. சுடர் காற்றில் அணையாது; அதன் கூர்மையான ஒளி கூட்டின் வழியே பரவி மென்மையாகும்; தூங்கும் நோயாளியின் கண்ணில் குத்தாது. இன்றைய மேசை விளக்கில் நாம் எதிர்பார்க்கும் குணங்கள் அனைத்தும் அந்த எளிய கூட்டில் இருந்தன.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1951-இல், இசாமு நொகுச்சி என்னும் சிற்பி ஜப்பானிலுள்ள கிஃபு நகருக்குச் சென்றார். காகித விளக்குகளுக்குப் பேர்போன ஊர் அது. அங்கே மூங்கில் சிம்புகளும் காகிதமும் கொண்டு செய்யப்படும் பழைய விளக்கைப் பார்த்த அவர், அதே முறையில் மின்விளக்குகளுக்குப் புதிய கூடுகளை வடிவமைத்தார். 'அகாரி' என்று பெயரிட்டார். ஜப்பானிய மொழியில் அதற்கு ஒளி என்று பொருள். அவற்றையும் தட்டையாக மடித்துவிடலாம். வடிவமைப்பு என்பது மேலே ஒட்டும் அலங்காரமன்று, பயன்படுத்துவோர் தேவையை எண்ணிப் பார்த்துச் செய்வதே என்பதற்கு இவ்விரு விளக்குகளும் சான்று.

குத்துவிளக்கின் நான்கு பாகங்கள்

இத்தகைய வடிவமைப்பிற்கு நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. கும்பகோணத்திற்கு அருகிலுள்ள நாச்சியார்கோவிலில் செய்யப்படும் பித்தளைக் குத்துவிளக்கு 2010-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த விளக்கைக் கழற்றிப் பார்த்தால் நான்கு பாகங்களாக வரும். கீழே பீடம், அதன்மேல் தண்டு, எண்ணெய் நிற்கும் தட்டு, உச்சியில் பிரபை. ஒவ்வொன்றும் மரையிட்டுத் திருகிப் பொருத்தப்பட்டிருக்கும். திருவிழாவிற்கு முந்திய நாள் அம்மாமார் அதைத் திருகிக் கழற்றி, புளி போட்டுத் துலக்கி, மீண்டும் திருகி நிறுத்துவதை எல்லோரும் பார்த்திருக்கின்றோம். பாட்டியின் சீராக வந்த விளக்கு பேத்தியின் திருமணத்திலும் எரிவது இதனால்தான்.

மின்னேற்றும் மேசை விளக்கிற்கும் நான்கு உறுப்புகள் உண்டு. ஒளி தரும் டயோடு திரிக்குச் சமம். மின்கலம் எண்ணெய்க்குச் சமம். மின்னேற்றத்தையும் வெளிச்சத்தின் அளவையும் கட்டுப்படுத்தும் சிறு மின்சுற்று, திரியைத் தூண்டிவிடும் குச்சிக்குச் சமம். ஒளியைத் திருப்பி மென்மையாக்கும் குடை நான்காவது. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

திரி: ஒளி உமிழ் டயோடு

பழைய இழை பல்பில் மின்னோட்டம் மெல்லிய கம்பியைப் பழுக்கக் காய்ச்சுகின்றது. அந்தச் சூட்டினால் ஒளி பிறக்கின்றது. செலவாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடும். அப்படிப்பட்ட பல்பைச் சிறிய மின்கலத்தில் அதிக நேரம் எரிக்க இயலாது.

எல்.இ.டி. எனப்படும் ஒளி உமிழ் டயோடு வேறு வழியில் இயங்குகின்றது. இருவகைக் குறைகடத்திகள் ஒன்றோடொன்று சேரும் சந்திப்பில், எலக்ட்ரான்கள் கடந்து வந்து வெற்றிடங்களில் விழுகின்றன. விழும்போது அவை இழக்கும் ஆற்றல் ஒளியாக வெளிப்படுகின்றது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி தரும் டயோடு 1962-லேயே வந்துவிட்டது. நீல ஒளி மட்டும் பல ஆண்டுகள் எட்டாக்கனியாக இருந்தது. நீலம் இல்லாமல் வெள்ளை ஒளி இல்லை. விடாமுயற்சியால் அதைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி.யைக் கூர்ந்து பாருங்கள். மேலே மஞ்சள் பூச்சு தெரியும். உள்ளே பிறக்கும் நீல ஒளியின் ஒரு பகுதியை அந்தப் பூச்சு மஞ்சளாக்குகின்றது. நீலமும் மஞ்சளும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகின்றன.

ஒளியின் அளவை லூமென் என்னும் அலகால் அளக்கின்றார்கள். பாஸ்கா இரவில் நாம் கையில் பிடிக்கும் மெழுகுதிரி ஏறத்தாழ 12 லூமென் தரும். 60 வாட் இழை பல்பு 700 முதல் 800 லூமென் வரை தரும். அதாவது ஒரு வாட்டுக்குச் சுமார் 12 லூமென். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 லூமென் தருகின்றது. ஆகவே ஒன்றரை வாட் செலவில் 150 லூமென், பன்னிரண்டு மெழுகுதிரிகளின் ஒளி, கிடைத்துவிடுகின்றது.

எண்ணெய்: லித்தியம் மின்கலம்

நம் பெற்றோர் காலத்து 'எமர்ஜென்சி லைட்'டில் ஈய அமில மின்கலம் இருந்தது. 1859-இல் பிரான்சு நாட்டு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே கண்டுபிடித்த முறை அது. உழைக்கும், ஆனால் கனம் மிகுதி. சார்ஜ் இறங்கிய நிலையில் சில மாதம் கிடந்தால் உள்ளே படிமம் கட்டிக் கெட்டுவிடும்.

இன்றைய விளக்குகளில் இருப்பது லித்தியம் அயனி மின்கலம். இது 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதன் வளர்ச்சிக்காக ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகியோர் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றனர். அப்பொழுது குடெனஃப் அவர்களுக்கு வயது 97! இம்மின்கலத்தின் ஒரு பக்கம் கிராஃபைட்டு, மறுபக்கம் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடு. மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுப் பக்கம் போகின்றன. விளக்கு எரியும்போது திரும்பி வருகின்றன. ஊஞ்சல் போல அங்குமிங்கும் ஆடுவதே இதன் வேலை.

இப்பொழுது நாம் வகுப்பில் படித்த கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இவ்விளக்குகள் பலவற்றில் இருப்பது '18650' என்னும் உருளை மின்கலம். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அவ்வெண்ணின் பொருள். அதன் மின்னழுத்தம் சராசரியாக 3.7 வோல்ட். கொள்ளளவு 2.5 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 9.25 வாட்-மணி. ஒன்றரை வாட் விளக்கு இதைக்கொண்டு ஆறு மணி நேரம் எரியும். அரை வாட்டாகக் குறைத்தால் பதினெட்டு மணி நேரம். மின்சுற்றில் வீணாவதைக் கழித்தால் சற்றுக் குறையும். இதே மின்கலம் 60 வாட் இழை பல்பை எத்தனை நேரம் எரிக்கும் தெரியுமா? ஒன்பது நிமிடந்தான்!

மின்கட்டணத்தையும் கணக்கிடலாம். ஒரு யூனிட் என்பது 1000 வாட்-மணி. இழப்பையும் சேர்த்து ஒருமுறை மின்னேற்ற 12 வாட்-மணி ஆகிறதென்றால், ஒரு யூனிட்டில் எண்பது முறைக்கு மேல் மின்னேற்றலாம். ஆகவே இவ்விளக்கின் செலவு மின்சாரத்தில் இல்லை. எதில் இருக்கின்றது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

தூண்டுகோலும் குடையும்

விளக்கைத் தொட்டவுடன் எரிவது மாயமன்று. நம் உடலும் சிறிதளவு மின்னேற்றத்தைத் தாங்கும் தன்மையுடையது. விரல் பட்டவுடன் உலோகத் தகட்டின் மின்னேற்பு அளவு மாறுகின்றது. சுற்று அதை உணர்ந்துகொள்கின்றது. வெளிச்சத்தைக் குறைக்கப் பல விளக்குகள் ஓர் உபாயம் செய்கின்றன. டயோடை ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றுகின்றன. அணைந்திருக்கும் நேரம் கூடக்கூட நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிகின்றது. மலிவான விளக்கில் இவ்வேகம் போதாததால் ஒளி துடிப்பதுண்டு. கைப்பேசியின் காமிராவை விளக்கிற்கு நேரே காட்டினால் அத்துடிப்பு கோடு கோடாகத் தெரிந்துவிடும்.

மின்கலத்தைக் காப்பதும் இதே சுற்றின் கடமை. மின்கலம் 4.2 வோல்ட்டை எட்டியதும் மின்னேற்றத்தை நிறுத்தவும், மிகவும் இறங்கிவிடாமல் விளக்கை அணைக்கவும் அது தெரிந்திருக்க வேண்டும். இக்காவல் இல்லாத மின்கலம் சூடேறித் தீப்பற்றக்கூடும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது இதற்காகவே.

ஒளியின் நிறத்தைக் கெல்வின் அளவால் குறிப்பார்கள். மெழுகுதிரிச் சுடர் சுமார் 1900 கெல்வின். இழை பல்பு 2700. நீலங்கலந்த வெண்மை 6500. எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெண்மை என்று நினைவில் கொள்ளலாம்.

குடையின் வேலை இரண்டு. கண்ணுக்கு நேரே ஒளி படாமல் மறைப்பது ஒன்று. வேண்டிய இடத்தில் ஒளியைக் கொட்டுவது மற்றொன்று. விளக்கு சிறியதானாலும் போதுமான வெளிச்சம் கிடைக்கும் இரகசியம் இங்கே உள்ளது. விளக்கிலிருந்து இரண்டு மடங்கு தள்ளிப்போனால் வெளிச்சம் பாதியாவதில்லை. நான்கில் ஒரு பங்காகிவிடும். கூரையில் எரியும் பெரிய விளக்கைவிட, புத்தகத்தின் அருகே நிற்கும் சிறிய விளக்கு நன்றாக உதவுவது இதனால்தான்.

விருந்தினர் மேசையில்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலை எங்கள் பர்கூர் வழியே போகின்றது. சாலையோரம் புல்தரையில் மேசை போட்டு இரவு உணவு பரிமாறும் விடுதிகளுக்கு இவ்விளக்கு எத்தனை வசதி என்று எண்ணிப் பாருங்கள். புல்லுக்கடியில் கம்பி புதைக்க வேண்டியதில்லை. யாரும் கம்பி தடுக்கி விழமாட்டார்கள். பத்துப் பேர் குடும்பமாக வந்தால் மேசைகளைச் சேர்த்துப் போட்டு விளக்குகளையும் நகர்த்திவிடலாம். மெழுகுதிரியைப் போலக் காற்றில் அணையாது. மேசை விரிப்பில் தீப்பிடிக்காது.

விடுதிக்கு ஏற்ற விளக்கின் இலக்கணம் தனி. பிற்பகலில் எல்லா விளக்குகளையும் ஒரே தட்டில் நிறுத்தி மின்னேற்ற முடியவேண்டும். குழந்தைகள் இடித்தாலும் சாயாதபடி அடிப்பாகம் கனமாக இருக்கவேண்டும். தண்ணீர் தெளித்தாலும் கெடாமலிருக்க 'ஐ.பி. 44' அல்லது அதற்கு மேற்பட்ட குறி வேண்டும். இதில் முதல் 4 ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கம்பி, குச்சி முதலியவை உள்ளே நுழையா என்பதையும், இரண்டாம் 4 எப்பக்கமிருந்து தெளிக்கும் நீரும் கெடுக்காது என்பதையும் குறிக்கும். ஒளி 2700 கெல்வினுக்குள் இருந்தால் உணவும் உண்பவர் முகமும் இதமாகத் தெரியும்.

வீட்டில்

வீட்டிற்கு இதன் பயன் வேறு. இரவில் காய்ச்சலில் கிடக்கும் தம்பிக்கு மருந்து கொடுக்கவும், பாட்டி எழுந்து நடக்கவும், குழந்தைக்குப் பால் புகட்டவும் மங்கலாக எரியும் ஒரு கைவிளக்கு வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, மின்சாரம் நின்றபோது படிக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டு சென்னைக்கு வெளியே தமிழகத்தின் பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்வெட்டு இருந்தது. அவ்வாண்டுகளில் பொதுத்தேர்வு எழுதிய அக்காமார் மண்ணெண்ணெய் விளக்கின் புகையிலும் மெழுகுதிரியின் நடுங்கும் ஒளியிலும் படித்ததாகச் சொல்வார்கள். இன்று நிலைமை அப்படியில்லை என்றாலும், கோடை இடிமழையில் ஒரு மரக்கிளை கம்பிமேல் விழுந்தால் போதும், தேர்வுக்கு முந்திய இரவு இருட்டாகிவிடும்.

படிப்பதற்கு வாங்கும் விளக்கில், குடை கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஒளி புத்தகம் முழுவதும் ஒரே சீராக விழவேண்டும். வலக்கையால் எழுதுவோர் விளக்கை இடப்பக்கம் வைத்தால் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. எவ்வளவு அழகிய விளக்கானாலும் குடை பக்கவாட்டில் மட்டும் ஒளி வீசுமானால் அது மாணவிக்கு உதவாது.

விளக்கு ஏன் இறக்கின்றது?

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். எல்.இ.டி. பல்லாயிரம் மணி நேரம் எரியும். உலோகத் தண்டும் குடையும் அதைவிட நீண்டகாலம் இருக்கும். ஆனால் லித்தியம் மின்கலத்தின் ஆயுள் குறைவு. பொதுவாக முந்நூறு முதல் ஐந்நூறு முறை முழுதாக ஏற்றி இறக்கியபின் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகின்றது. பிறகு மேலும் மேலும் தளரும். நாள்தோறும் மின்னேற்றும் விடுதியில் இது ஒன்றரை ஆண்டுக்குள் நேரலாம். எண்ணெய் தீர்ந்த விளக்குத்தான் அது. எண்ணெய் ஊற்றினால் மீண்டும் எரியும். ஊற்ற வழியிருக்கிறதா என்பதே கேள்வி.

எங்கள் வீட்டில் வாங்கிய ஒரு மேசை விளக்கு இரண்டாம் ஆண்டில் அரைமணி நேரத்திற்கு மேல் எரிய மறுத்தது. பர்கூர் கடைவீதியில் பழுது பார்ப்பவரிடம் அப்பா கொண்டுபோனார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு திருகுகூட இல்லை. சுற்றிலும் பசையிட்டு ஒட்டியிருந்தது. கத்தியால் நெம்பித் திறந்தபோது அடிப்பாகம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே மற்றவை யாவும் நன்றாக இருந்தன. போனது அந்த ஒரு மின்கலம் மட்டுமே. "இதுக்கு ஒரு மூடி வெச்சிருந்தா நானே மாத்திக் குடுத்திருப்பேனே, சார்!" என்றார் அவர். விளக்கின் விலையில் மிகச் சிறு பங்கே பெறும் ஒரு பொருளுக்காக முழு விளக்கும் குப்பைக்குப் போனது.

அது குப்பையோடு முடிவதுமில்லை. லித்தியம் மின்கலம் குப்பைத் தொட்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். துப்புரவுப் பணியாளரின் கைக்கும் கண்ணுக்கும் ஆபத்து. உள்ளிருக்கும் அரிய உலோகங்களும் வீணாகின்றன. இதனால்தான் இந்திய அரசு 2022 ஆகஸ்டில் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளைப் பிறப்பித்தது. தாம் விற்ற மின்கலங்கள் பயன்தீர்ந்தபின் திரட்டப்பட்டு மறுசுழற்சிக்குச் செல்வதை உறுதி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் அவ்விதிகள் வைக்கின்றன. மின்கலத்தின்மேல் குறுக்கே கோடிட்ட குப்பைத் தொட்டிப் படத்தைக் கண்டால் 'இதைக் குப்பையில் போடாதே' என்று பொருள்.

திருத்தக்கூடிய விளக்குகள்

திறந்து பழுது பார்க்கும் விளக்கைச் செய்ய இயலாதா? இயலும் என்று நம் நாட்டிலேயே காட்டியிருக்கின்றார்கள். 2014-இல் மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம், மண்ணெண்ணெய் விளக்கில் படிக்கும் கிராமத்து மாணவ மாணவியருக்காகச் சூரிய ஒளியால் மின்னேற்றும் படிப்பு மேசை விளக்குத் திட்டத்தைத் தொடங்கியது. மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், இராஜஸ்தான், ஒடிசா ஆகிய நான்கு மாநிலங்களில் பத்து இலட்சம் விளக்குகள் வழங்கப்பட்டன. மாணவர் கொடுத்த விலை 120 ரூபாய். இத்திட்டத்தின் சிறப்பு விலையில் மட்டுமில்லை. அவ்விளக்குகளைப் பூட்டியவர்களும், விற்றவர்களும், பழுது பார்த்தவர்களும் அந்தந்த வட்டாரத்து மக்களே. பூட்டத் தெரிந்த கைக்குக் கழற்றவும் தெரியும். விளக்கு கெட்டால் உள்ளூரிலேயே மருத்துவர் இருப்பார்.

எங்கள் பகுதியை ஒட்டிய கர்நாடகத்திலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1995-இல் ஹரிஷ் ஹாண்டே அவர்கள் இணைந்து தொடங்கிய செல்கோ நிறுவனம், ஏழை எளியோருக்குச் சூரிய ஒளி விளக்குகளைக் கொண்டு சேர்த்தது. அப்பணிக்காக 2011-இல் அவர் மகசேசே விருது பெற்றார். ஒருவர் பகலில் மின்கலங்களை ஏற்றி வைத்து மாலையில் தள்ளுவண்டி வியாபாரிகளுக்கு விளக்கோடு வாடகைக்குக் கொடுக்கும் முறையையும் அந்நிறுவனம் ஊக்குவித்தது. வியாபாரிக்கு விளக்கின் முழு விலையையும் ஒரே நாளில் புரட்ட வேண்டிய கவலையில்லை. மின்கலத்தைப் பேணுவது ஒருவரின் பிழைப்பாகவும் ஆயிற்று.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. கருவிகளில் உள்ள சிறிய மின்கலங்களை, சில விலக்குகள் தவிர, பயன்படுத்துவோரே எளிதில் கழற்றி மாற்றும்படி செய்யவேண்டும் என்று அது விதிக்கின்றது. இவ்விதி நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2027 பிப்ரவரி 18. நாச்சியார்கோவில் கன்னார் என்றோ செய்ததைச் சட்டம் இன்று கேட்கின்றது!

இச்செய்தி எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கு மிகவும் வேண்டியது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் 2021-ஆம் ஆண்டிலேயே மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலைகள் எழுந்தன. லித்தியம் மின்கலம் செய்யும் பெரிய தொழிற்சாலை ஒன்றின் கட்டுமானமும் 2023-இல் இம்மாவட்டத்தில் தொடங்கியது. விளக்கில் இருப்பதும் ஸ்கூட்டரில் இருப்பதும் ஒரே குடும்பத்து மின்கலங்களே. நம் அக்காமார் பலர் இத்தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றார்கள். பூட்டும் வேலையோடு நின்றுவிடாமல், 'இதை எப்படித் திறப்பது, எப்படித் திருத்துவது' என்று கேட்டு வடிவமைக்கும் பொறியாளராகவும் நம்மில் சிலர் வரவேண்டும்.

வாங்கும்போதும் பேணும்போதும்

விளக்கு வாங்கும்போது கடையில் எரிய வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் திருகோ மூடியோ இருக்கிறதா? மின்கலத்தின் வகையும் அளவும் எழுதியிருக்கிறதா? மாற்று மின்கலம் கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பொதுவான 'டைப் சி' வாயில் மின்னேறுமானால் கைப்பேசியின் சார்ஜரே போதும். தனிக் கம்பி தொலைந்து விளக்கு வீணாகாது.

வாங்கியபின் பேணும் முறையும் எளிதே. வெயில் படும் சன்னலோரத்திலும் அடுப்பருகிலும் வைக்கலாகாது. வெப்பமே மின்கலத்தின் முதல் பகைவன். முழுவதும் இறங்கும்வரை காத்திராமல் மங்கத் தொடங்கும்போதே மின்னேற்ற வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போனால் பாதி ஏற்றிவிட்டு அணைத்து வைக்கவேண்டும். மின்கலம் உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே நிறுத்திவிட்டு, மின்னணுக் கழிவு வாங்குமிடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் கன்னியர் உவமையை நாமெல்லோரும் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கின்றோம். பத்துப் பேர் கையிலும் விளக்கு இருந்தது. மணமகன் வர நேரமானபோது, தனியே எண்ணெய் கொண்டுவந்த ஐவரின் விளக்குகளே எரிந்தன. விவேகம் என்பது எண்ணெயை முன்கூட்டி நினைப்பதில் இருந்தது. கடையில் பளபளக்கும் விளக்கைக் கண்டு மயங்கும்போது நாமும் அந்த ஐவரைப்போல, 'இதன் எண்ணெய் தீர்ந்தால் என்ன செய்வது?' என்று கேட்போம். அக்கேள்விக்கு விடை சொல்லும் விளக்கையே வாங்குவோம். தோழியரே, வீட்டில் ஒரு திருப்புளியை எடுத்து அதைத் திறக்கவும் மூடவும் நாமே பழகுவோம்.